இஸ்திரிக் கூடத்து மழை

அவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஒருத்தரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, குரூப் போட்டோவில் கடைசி வரிசை, கல்யாணப் பேச்சு எடுத்தபோது "பொண்ணு நல்ல பொண்ணுதான், மாப்பிள்ளை அண்ணாந்து பாக்கணுமே" என்று ஒவ்வொரு வீட்டாரும் இழுத்த இழுப்பு, எல்லாம் சேர்ந்து அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டவன் கட்டட வேலைக்காரன். அவள் தோளுக்குத்தான் வருவான். "ஏணி வாங்குற செலவு மிச்சம்" என்று பெண் பார்க்க வந்த அன்றே வாயைத் திறந்து சொன்னானாம். வீட்டார் பதறிப்போனார்கள். இவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தவள்தான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

அவன் கான்கிரீட் தளம் போடுகிறவன். தளம் என்றால் உச்சி. உச்சி என்றால் வெயில். முன்பெல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான் கம்பி சுடும். அப்புறம் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே கம்பியைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும் என்று ஆனது. வேலை நடக்கிற இடத்தில் ஒன்றுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு! ஒருநாள் முகம் வீங்கி, கால் வீங்கி வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். ஒன்றும் கிடையாது. "வெயில்தான்மா. இப்ப இப்படி நிறைய பேர் வர்றாங்க. ரெண்டு கிட்னியும் போச்சு" என்றார் டாக்டர். நெட்டைக்கு நம்பிக்கை வரவில்லை. குடியால் கெட்டவனைப் பார்த்திருக்கிறாள், சீட்டாடிக் கெட்டவனைப் பார்த்திருக்கிறாள். வெயிலில் கெட்டவனுக்காக யார் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றுவது?

அன்றிலிருந்து அவன் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறான். வீட்டுப் பாரம் அவள் தலையில் விழுந்தது. அவளைக் கையைப் பிடித்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு அழைத்துக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிட்டது அவனுடைய தங்கை.

இந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தொழிற்சாலையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாசல் கேட்டைத் தாண்டும்போது திறக்கிற வாய், சாயங்காலம் அதே கேட்டைத் தாண்டும்போதும் மூடாது. புருஷன் எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். "என் பேச்சைத் தாங்காமத்தான் ஓடிட்டான், பாவம், நல்லா இருக்கட்டும்" என்று அதையும் அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒரே மகள். நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்புதான் ரேடியோவுக்கு உயிர். "இந்தச் சூட்டை என்னோட நிறுத்திக்கணும் அண்ணி. எம் பொண்ணு கையில இஸ்திரிப் பெட்டியப் பாத்தா அன்னிக்கே நான் செத்தேன்னு வெச்சுக்கோ" என்பாள். நெட்டைக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பெண்ணுக்குக் காது குத்திய நாளிலிருந்து எல்லாச் செலவிலும் இவளும் ஒரு கை கொடுத்துத்தான் வந்தாள். நோயாளிப் புருஷன் ஒரு பக்கம், நாத்தனார் மகளின் படிப்பு ஒரு பக்கம். இரண்டு பெண்களும் ஒரு நாள் படுத்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு யோசிக்கும்.

தொழிற்சாலை வாசலில் பச்சை இலை படம் போட்ட பெரிய பலகை தொங்கும். கூரை முழுக்கச் சூரியத் தகடு. கழிவு நீரைச் சுத்தம் பண்ணிச் செடிக்கு விடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்து ஆளுக்கொரு கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எதுவும் பொய்யில்லை, எல்லாம் நிஜம்தான். ஆனால் இஸ்திரிக் கூடம் அந்தப் படத்தில் வராது. அது தரைத்தளத்தில், பாய்லர் சுவரை ஒட்டி இருக்கிறது. நீள மேசைகள், மேலிருந்து ரப்பர் குழாயில் தொங்கும் நீராவிப் பெட்டிகள், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். ஒவ்வொரு சட்டைக்கும் ஒருமுறை 'புஸ்' என்று ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று கூலி.

அந்தக் கூடத்தின் நடுத்தூணில் ஒரு வெப்ப மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மாட்டியவளைப் பெண்கள் பசுமை மேடம் என்பார்கள். கம்பெனியின் சுற்றுச்சூழல் அதிகாரி. நல்ல மனசுக்காரி, அதைச் சொல்லாவிட்டால் வாய் புழுத்துப்போகும். "உலகமே சூடாகிட்டு வருது. உங்க உடம்பு கெடக்கூடாதுன்னுதான் இது. அளவு தாண்டினா சிவப்பு விளக்கு எரியும், சைரன் அடிக்கும். எல்லாரும் பின்னாடி நிழலுக்குப் போயிடணும். பச்சை வந்தப்புறம் திரும்பி வந்தா போதும்" என்று நின்று நிதானமாக விளக்கினாள். பெண்கள் கை தட்டினார்கள். முதல் தடவை சைரன் அடித்தபோது பின்பக்கத்து நிழல்வலைக்குக் கீழே கல்யாண வீடு கெட்டது போங்கள். ரேடியோ சூப்பர்வைசரைப் போல நடந்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சம்பளத்தன்று சிரிப்பு நின்றது. நிழலில் நின்ற நேரத்துக்குச் சட்டை இல்லை; சட்டை இல்லாததற்குக் கூலி இல்லை. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டார்கள். அவர் தங்கமான மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார், தனக்கு மேலே இருப்பவர்களை எதுவும் கேட்கவும் மாட்டார். "உங்க உடம்புக்காகத்தானேம்மா பண்றாங்க" என்றார். உடம்பு பத்திரம், வயிறு என்ன ஆவது? அந்த விதியை எழுதிய புண்ணியவான் எல்லாவற்றையும் யோசித்தான். நிழலில் நிற்கிற நேரத்துக்கு யார் படியளப்பது என்று மட்டும் யோசிக்க மறந்துவிட்டான். மறந்தானோ, மறந்தது போல இருந்தானோ, யார் கண்டது!

முதல் வருஷம் கோடை உச்சியில் மட்டும் சைரன் அடித்தது. அடுத்த வருஷம் கோடை பிறப்பதற்கு முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் விடவில்லை. அதற்கடுத்த வருஷம் காலையிலேயே அடித்தது. ஒருத்தி பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். ஒருத்தி தாலியை அடகு வைத்தாள். ரேடியோவின் மகளுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய நாள் தாண்டிப்போய், அந்தப் பெண் வகுப்புக்கு வெளியே நின்றுவிட்டு வந்தது.

அன்றைக்குத்தான் ரேடியோவுக்கு அந்த யோசனை வந்தது. "ஏன் அண்ணி, காய்ச்சல்காரிக்கு நெத்தியில ஈரத்துணி போட்டா சூடு இறங்குதில்ல? மீட்டருக்கும் போட்டா என்ன?"

"உனக்குப் பைத்தியமா?"

"ஸ்டூல் போட்டு ஏறினா ஊருக்கே தெரியும். நீ சும்மா கையைத் தூக்கினா போதும். அந்த ஆண்டவன் உன்னை இவ்வளவு நீளத்துக்கு எதுக்குப் படைச்சான்னு இப்பல்ல புரியுது!"

நெட்டை சட்டைக்குத் தெளிக்கிற தண்ணீர்ப் புட்டியால் ஒரு துணியை நனைத்தாள். தூசி துடைத்துவிட்டு மறந்து வைத்த மாதிரி மீட்டர் தலையில் போட்டாள். சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்த எண் தயங்கியது, நின்றது, இறங்கியது. பச்சை விளக்கு அசையவில்லை. கூடம் முழுக்க ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு. அதற்கு மழை என்று பெயர் வைத்தார்கள். துணி காய்ந்தால் யாராவது மெல்ல இருமுவார்கள். "அக்கா, வானம் மூடமாட்டேங்குதே" என்பார்கள். நெட்டை போய் நனைத்துவிட்டு வருவாள். மறுபடி சம்பளம் முழுசாக வந்தது. அந்தப் பெண் கல்லூரி வாசலுக்குள் போனது. நெட்டைக்கு, ஏன் மறைக்க வேண்டும், பெருமையாகவே இருந்தது. வாழ்நாள் பூராவும் கேலிக்கு ஆளான உயரம் முதல்முறையாகச் சோறு போட்டது.

வினை எங்கே இருந்தது என்று கேளுங்கள். மீட்டர் காட்டுகிற எண் எல்லாம் மேலே ஆபீசில் உள்ள கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் பசுமை மேடம் சிரித்த முகமாக வந்தாள். "எல்லா செக்‌ஷன்லயும் சூடு ஏறியிருக்கு, உங்க செக்‌ஷன்ல மட்டும் குறைஞ்சிருக்கு. நீங்கதான் முன்மாதிரி!" என்று இனிப்பு கொடுத்தாள். அந்த இனிப்பு தொண்டையில் இறங்குவதற்குள் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். கூடத்தின் இரண்டு மூலையிலும் ஓடிக்கொண்டிருந்த பெரிய ஏர் கூலர்களைக் கழற்றி மாடித் தையல் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இங்கேதான் சூடு இல்லையே, கரண்ட் எதற்கு வீணாக? மிச்சமான கரண்டுக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்ததாம்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். வாயைத் திறந்தால் மழை வெளியே வரும்.

அன்று சாயங்காலம் நெட்டை நாத்தனாரிடம் சொன்னாள். "போய்ச் சொல்லிடலாம்டி."

"சொல்லு. இத்தனை நாள் வாங்கின கூலியையும் திருப்பிக் குடுன்னு கேப்பாங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து உன்னைச் சும்மா விடுவாங்களா?" என்றாள் ரேடியோ. கொஞ்ச தூரம் நடந்ததும், "இன்னும் ஒரு வருஷம் அண்ணி. பொண்ணு படிப்ப முடிச்சிடும். அப்புறம் நானே அந்தத் துணிய எடுத்து வீசறேன்" என்றாள்.

கூலர் போன பிறகு கூடம் கூடமாக இல்லை. துணியில் கோடு போடுகிற மெழுகுக் கட்டி மேசையிலேயே இளகி ஒட்டியது. தெளிக்கிற தண்ணீர் புட்டியிலேயே சுட்டது. சுவரில் காலங்காலமாகக் குடியிருந்த பல்லிகள்கூட ஒவ்வொன்றாகக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டன. அதுகளுக்கு இருந்த புத்தி மனுஷிக்கு இல்லை. காலில் நரம்பு சுருட்டும், கண் இருட்டும். யாரும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். மயங்கிச் சரிந்த ஒருத்தியை மற்றவர்கள் சுற்றி நின்று மறைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, மறுபடி மேசையில் நிறுத்தினார்கள். தூணின் மேல் பச்சை விளக்கு குளுகுளுவென்று எரிந்துகொண்டிருந்தது. நெட்டைக்கு இப்போது அதைப் பார்க்கவே பயம்.

ஒருநாள் காலை ரேடியோ காய்ச்சலோடு கேட்டுக்கு வந்தாள். கழுத்தில் கை வைத்துப் பார்த்த நெட்டை, "வீட்டுக்குப் போடி" என்றாள்.

"லீவு போட்டா இந்த மாச வருகைப் படி மொத்தமாப் போயிடும்."

"அப்ப இன்னிக்கு நான் துணிய நனைக்க மாட்டேன். சைரன் அடிக்கட்டும். நிழல்ல போய்ப் படுத்துக்க."

"உனக்குப் புண்ணியமாப் போகும் அண்ணி. வாரக் கடைசி. எல்லாரும் சட்டைக் கணக்கை எட்டிப் பிடிக்க ஓடிட்டிருக்காங்க. எனக்காக அவங்க வயித்துல அடிக்காத" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

நெட்டை முதலில் பிடிவாதமாகத்தான் இருந்தாள். எண் ஏறியது. ஒருத்தி இருமினாள், இவள் திரும்பவில்லை. இன்னொருத்தி இருமினாள். அப்புறம் கூடமே இருமியது. எதிர் மேசைக்காரி கண்ணாலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். நெட்டை போய்த் துணியை நனைத்தாள்.

பக்கத்து மேசையில் ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை. காலையில் நடந்த பேச்சுக்குக் கோபம் என்று நெட்டை நினைத்தாள். போகட்டும், கோபம் சாயங்காலம் கேட்டைத் தாண்டுவதற்குள் தணிந்துவிடும். ஓரக்கண்ணால் பார்த்தாள். மற்றவர்கள் தெப்பமாக நனைந்திருக்க, அவள் ரவிக்கை மட்டும் உலர்ந்து கிடந்தது. கழுத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு ஆறிவிட்டது என்று நெட்டை நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். ஐயோ, அந்தப் பெருமூச்சை நினைத்து நினைத்து அவள் பிறகு மாரில் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. வியர்வை வற்றியது உடம்பு ஆறியதால் அல்ல. உடம்பு தன்னைக் குளிர்விக்கும் வேலையையே கைவிட்டிருந்தது. தேய்த்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்த ரேடியோ, பெட்டியைக் கையில் பிடித்தபடியே விழுந்தாள்.

தூக்கியபோது தோல் சுட்டது. இஸ்திரி போட்ட துணி சுடுமே, அப்படி.

உயிர் பிழைத்தாள். பிழைத்தாள் என்று சொல்லத்தான் வேண்டும். கண் திறந்திருக்கிறது, ஊட்டினால் விழுங்குகிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புகிறாள். மூளை வெந்துவிட்டது என்பதை டாக்டர் வேறு வார்த்தையில் சொன்னார். நெட்டையின் புருஷன் தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாவது திட்டேன்டி, ஒரு தடவை திட்டிடேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டது, மனிதாபிமானத்தில். விசாரணையும் நடத்தியது. மீட்டர் பச்சையிலேயே இருந்திருக்கிறது. நாள் முழுக்க, வாரம் முழுக்க, வருஷம் முழுக்கப் பச்சை. ஆகவே சூட்டினால் அல்ல. காய்ச்சலோடு வேலைக்கு வந்ததுதான் காரணம்.

நெட்டையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நேரே பசுமை மேடத்தின் அறைக்குப் போனாள். குளிர்ந்த அறை. நின்றபடியே, துணி, தண்ணீர், இருமல், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "மீட்டர் பொய் சொல்லுது மேடம். நாங்கதான் சொல்ல வெச்சோம். நான்தான். என்னைப் போலீசுல பிடிச்சுக் குடுத்தாலும் சரி. கூலரைத் திருப்பி வையுங்க, நிழல்ல நிக்கிற நேரத்துக்கும் கூலி குடுங்க. இல்லேன்னா இன்னொருத்தி விழுவா."

மேடத்தின் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது, அதுவும் நிஜம்தான்.

"இதை நான் எழுதினா வாங்குறவங்க ஆர்டரை வேற நாட்டுக்குக் கொண்டு போயிடுவாங்க. இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் வேலை இருக்காது. மீட்டர்ல கை வெச்சதுக்கு உங்க நாத்தனாரோட வைத்தியச் செலவையும் நிறுத்திடுவாங்க. நீங்க சொன்னதா இருக்க வேண்டாம்மா. நான் கேட்டதாவும் இருக்க வேண்டாம்" என்றாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "அவங்க பொண்ணுக்கு வேலை குடுக்கச் சொல்லி நான் பேசியிருக்கேன். என்னால முடிஞ்சது அதான்."

நெட்டை அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

அந்தப் பெண் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது. அம்மாவின் மேசை, அம்மாவின் பெட்டி, அம்மாவின் இடம். "வேண்டாம்டி கண்ணு, நான் எப்பாடு பட்டாவது படிக்க வைக்கிறேன்" என்று நெட்டை கெஞ்சினாள். "மாமாவைப் பாப்பீங்களா, அம்மாவைப் பாப்பீங்களா, என்னைப் பாப்பீங்களா அத்தை?" என்று அது கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

முதல் நாளே எண் ஏறத் தொடங்கியது. இருமல் கேட்டது. நெட்டை தூணுக்குப் போனாள். காய்ந்த துணியை மீட்டரிலிருந்து எடுத்தாள். மடித்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். இடத்துக்குத் திரும்பி வந்து பெட்டியைப் பிடித்தாள். இருமல் ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு எரிந்தது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் சைரன் அலறியது.

நிழல்வலைக்குக் கீழே யாரும் சிரிக்கவில்லை. நெட்டை நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. பச்சை வரவே இல்லை. சாயங்காலம் வரை அங்கேயே நின்றார்கள். "சோத்துல மண்ணைப் போட்டுட்டா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பெண் தனியாக ஓர் ஓரத்தில் நின்று நிழலின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. போகட்டும், திட்டட்டும், ஒரு நாள் உயிரோடு நின்றார்களே என்று நெட்டை மனதைத் தேற்றிக்கொண்டாள். கூலி கேட்டு எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று நாளைக்குப் பேசிப் பார்க்க வேண்டும். தினமும் சைரன் அடித்தால் அவர்களும் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

மறுநாள் ஆஸ்பத்திரியில் புருஷனை விட்டுவிட்டு வரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லாப் பெட்டிகளும் புஸ் புஸ் என்று மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒருத்தியும் நிமிரவில்லை. தூணருகே புதிதாக ஒரு ஸ்டூல். அதன்மேல் நாத்தனார் மகள், ஒரு கையில் தண்ணீர்ப் புட்டி, ஒரு கையில் புதுத் துணி.

"இறங்குடி!" என்று நெட்டை அலறினாள். "உங்கம்மா கதியைப் பாத்தும் புத்தி வரலையா? இறங்கு!"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தது. முகம் அதற்குள் சிவந்து கிடந்தது. "அம்மாவுக்கு மருந்து வாங்கணும் அத்தை" என்று சொல்லிவிட்டு, துணியை மீட்டரின் மேல் சரியாக இழுத்துப் போட்டது.

ஸ்டூல் லேசாக ஆடியது. அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர் நின்றார். மேலே பார்த்தார், மீட்டரை, துணியை, பெண்ணை. பிறகு குனிந்து ஸ்டூலின் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாம்மா," என்றார். "விழுந்துடப் போறே."